விருந்தினர் பியானோ கலைஞரோடு ஜாஸ் ஆல்பம் பதிவு செய்வது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் ஜாஸ் குழு ஒன்றில் பேஸ் வாசிக்கிறேன். பியானோ இல்லாத எங்கள் நால்வர் குழு, வெளியிலிருந்து ஒரு பியானோ கலைஞரை அழைத்து ஆல்பம் பதிவு செய்தது. அதற்குப் பிறகு அதே எண்ணத்தோடு வரும் குழுக்களுக்கு உதவியும் வருகிறேன். எல்லோரும் கேட்பது ஏறக்குறைய ஒரே சந்தேகங்களைத்தான். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதைவிட ஒரே இடத்தில் எழுதி வைக்கலாம் என்று தோன்றியது. கேள்விகளைக் கேட்டவர்களின் பேச்சிலேயே விட்டிருக்கிறேன்.

"விருந்தினர்னு பேர் போட்டா என்ன, சம்பளத்துக்கு வந்து வாசிக்கிறவர்தானே?"

இல்லை. குழுவின் பியானோக்காரருக்கு உடம்பு சரியில்லாதபோது அவர் இடத்தை நிரப்ப வருபவர் மாற்றுக் கலைஞர். உங்கள் இசை எப்படி இருந்ததோ அப்படியே இருக்கும்படி வாசித்துவிட்டுப் போவது அவர் வேலை. விருந்தினர் வருவதற்கான காரணமே வேறு. அவர் வந்தால் உங்கள் இசை மாற வேண்டும். மாற வேண்டாம் என்றால் அழைக்க வேண்டாம்.

இந்த ஒன்றில் குழு முழுவதும் மனமொத்துவிட்டால், கீழே வரும் பல கேள்விகளுக்கு விடை தானாகவே கிடைத்துவிடும். எந்தப் பாட்டு, எவ்வளவு எழுதித் தருவது, அவரை எங்கே உட்கார வைப்பது எல்லாமே, அவர் காதில் விழுவது எங்கள் வாசிப்பை மாற்ற இடம் விட்டிருக்கிறோமா என்ற கேள்வியில்தான் வந்து நிற்கும்.

"எங்க குழுவுல பியானோவே கிடையாது. திடீர்னு ஒருத்தர் வந்தா எங்க சவுண்டே போயிடாதா?"

பியானோ இல்லாத குழு பழகிப்போன சுதந்திரம் ஒன்று உண்டு. கார்டை, அதாவது ஒரே நேரத்தில் சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக் கூட்டை, யாரும் முழுதாகச் சொல்லாததால், சாக்ஸபோன்காரர் அதை எந்தப் பக்கமும் வளைக்கலாம். பேஸில் ஒரு ஸ்வரத்தை மாற்றினாலே இசையின் நிறம் மாறிவிடும். பியானோ வந்து நாலு ஸ்வரங்களைச் சேர்த்து அழுத்தியதும் அந்த மர்மம் குறைகிறது. இந்தப் பயம் நியாயமானதுதான்.

ஆனால் இதற்கு நல்ல முன்னுதாரணம் இருக்கிறது. சாக்ஸபோன் கலைஞர் ஜெரி மல்லிகன் 1952-ல் லாஸ் ஏஞ்சலஸில் பியானோ இல்லாத நால்வர் குழுவை அமைத்துத்தான் பெயர் பெற்றார். அதே மல்லிகன் 1957-ல் தெலோனியஸ் மங்க்குடன் ஓர் ஆல்பம் பதிவு செய்தார். இடைவெளிகளை வைத்தே இசை கட்டிய பியானோ கலைஞர் மங்க். பியானோ இல்லாமல் வாழ்ந்த ஒருவருக்குப் பொருத்தமான ஜோடி. உங்கள் தேர்வும் அப்படி அமையட்டும். விரல் வேகத்தைவிட, வாசிக்காமல் எவ்வளவு நேரம் இருக்கத் தெரியும் என்பதைக் கேட்டுப் பார்த்து அழையுங்கள்.

"எங்ககிட்ட ஏற்கெனவே பியானோ வாசிக்கிறவர் இருக்காரு. ரெண்டு பாட்டுக்கு மட்டும் வேற ஆளைக் கூப்பிட்டா அவர் மனசு நோகாதா?"

முன்கூட்டிச் சொல்லாவிட்டால் நிச்சயம் நோகும். ட்ரம்பெட் கலைஞர் மைல்ஸ் டேவிஸின் 'கைண்ட் ஆஃப் ப்ளூ' ஆல்பம் பதிவான 1959-ல் அவர் குழுவின் பியானோ கலைஞர் விண்டன் கெல்லி. பில் எவன்ஸ் அதற்கு முந்தைய ஆண்டே குழுவை விட்டு விலகியிருந்தார். இருந்தும் அந்த ஆல்பத்துக்காக எவன்ஸ் அழைக்கப்பட்டார். பதிவுக்கு வந்த கெல்லி, பியானோவில் எவன்ஸ் இருப்பதைக் கண்டு திகைத்ததாக டிரம்ஸ் வாசித்த ஜிம்மி காப் பின்னாளில் சொன்னார். கடைசியில் கெல்லி வாசித்தது ஒரே ஒரு பாட்டு, அது ஒரு ப்ளூஸ். ஆல்பத்தைக் கேட்டால் அந்தப் பாட்டில் கெல்லியைத் தவிர வேறு யாரையும் கற்பனை செய்ய முடியாது. இசைக்கு அது சரியான முடிவுதான். அதை வாசலில் வந்து தெரிந்துகொள்ளும்படி விட்டிருக்க வேண்டியதில்லை.

உங்கள் பியானோக்காரரிடம் முதலில் பேசுங்கள். முடிந்தால் யாரை அழைப்பது என்பதையே அவரிடம் கேளுங்கள். அவர் காது உங்கள் காதைவிட அந்த வாத்தியத்தில் கூர்மையானது.

"எத்தனை ஒத்திகை வேணும்?"

இரண்டு போதும், அதில் ஒன்று சும்மா உட்கார்ந்து வாசிப்பதாக இருக்கட்டும். அறிமுகமான பழைய பாட்டுகள் இரண்டு மூன்றை எடுத்து எந்தத் திட்டமும் இல்லாமல் வாசியுங்கள். அவர் டெம்போவை எங்கே வைக்கிறார், பேஸின் முன்னால் சாய்கிறாரா பின்னால் சாய்கிறாரா, சோலோ முடியும்போது என்ன அடையாளம் காட்டுகிறார் என்பது அங்கே தெரிந்துவிடும். இரண்டாவது ஒத்திகையில் உங்கள் சொந்தப் பாட்டுகள். தொடக்கம், முடிவு, பிரிவு மாறும் இடங்கள், இவற்றை மட்டும் திரும்பத் திரும்பப் பாருங்கள். சோலோக்களை ஒத்திகையில் முழுதாகச் செலவழித்துவிட வேண்டாம்.

"நோட்ஸ் முழுசா எழுதிக் குடுக்கணுமா, இல்ல லீட் ஷீட் போதுமா?"

மெட்டும் கார்டு பெயர்களும் இருக்கும் லீட் ஷீட் பெரும்பாலும் போதும். எங்கள் முதல் பதிவில் நான் செய்த பிழை இது: பியானோவின் இரு கைகளுக்கும் ஒவ்வொரு ஸ்வரமாக எழுதிக் கொடுத்தேன். அவர் மரியாதைக்காக அப்படியே வாசித்தார். இசை காகிதம் மாதிரி ஒலித்தது. மூன்றாவது பாட்டில் தாளை மூடிவைக்கச் சொன்ன பிறகுதான் அவர் எங்களோடு வந்து சேர்ந்தார்.

கண்டிப்பாக எழுத வேண்டியவை சில உண்டு. ஊதுவாத்தியங்களோடு பியானோ ஒன்றாக அடிக்க வேண்டிய தாளக் குத்துகள், வழக்கத்துக்கு மாறான பேஸ் ஸ்வரம் உள்ள கார்டுகள், பாட்டின் அமைப்பு. சாக்ஸபோன்காரரின் தாளை அப்படியே பியானோக்காரருக்கு நீட்டாதீர்கள். ஆல்டோ, டெனார் சாக்ஸபோன் தாள்கள் இடமாற்றச் சுருதியில், அதாவது ஒலிக்கும் ஸ்வரத்துக்கு வேறான ஸ்வரத்தில், எழுதப்பட்டவை. பியானோவுக்கு உண்மைச் சுருதியில் தனித்தாள் வேண்டும். கார்டு பெயர்களைக் குழு முழுவதும் ஒரே முறையில் எழுதுங்கள். ஒருவர் தாளில் ஒன்பதாம் ஸ்வரத்தோடும் இன்னொருவர் தாளில் இல்லாமலும் இருந்தால், ஒரு மணி நேரம் அதைத் தேடுவதிலேயே போய்விடும்.

"கிட்டாரும் பியானோவும் சேர்ந்து கார்டு வாசிச்சா இடிக்குதே?"

இடிக்கும். சோலோ வாசிப்பவருக்குப் பின்னால் கார்டுகளை இடம் பார்த்து வைத்துத் தாங்குவதைத்தான் காம்பிங் என்கிறோம். இரண்டு பேர் ஒரே நேரத்தில் அதைச் செய்தால் தாளமும் இடிக்கும், ஸ்வரமும் இடிக்கும். ஒவ்வொரு சோலோவுக்கும் காம்பிங் யாருடையது என்று தாளிலேயே பெயர் எழுதிவிடுங்கள். ட்ரம்பெட் சோலோவுக்கு கிட்டார், டெனார் சோலோவுக்குப் பியானோ என்று பிரித்தால் கேட்பவருக்கும் வெளிச்சம் மாறுவது போல இருக்கும். இருவரும் சேர்ந்தே ஆக வேண்டிய இடத்தில் கிட்டார் ஒற்றை ஸ்வரக் கோடாகப் போகலாம்.

பேஸ் வாசிப்பவர்கள் சார்பில் ஒரு வேண்டுகோள்: பியானோவின் இடக்கை மூல ஸ்வரத்தை, அதாவது கார்டுக்குப் பெயர் தரும் ஸ்வரத்தை, எங்களிடம் விட்டுவிடலாம். மூல ஸ்வரம் இல்லாத இடக்கைக் கார்டுகளை பில் எவன்ஸ் தலைமுறையினர் பரவலாக்கிய பிறகு, பேஸுக்குக் கிடைத்த இடம் மிகப் பெரியது.

"ஸ்டுடியோவுல பியானோ இல்ல. நல்ல கீபோர்டு இருக்கு, அது போதாதா?"

பியானோ இல்லாத ஸ்டுடியோவானால் வேறு ஸ்டுடியோ தேடுங்கள். மற்ற செலவுகளைக் குறைத்தாவது இதைச் செய்யச் சொல்வேன். ஒரு கிராண்ட் பியானோவில் சுமார் 230 கம்பிகள், அவற்றின் மொத்த இழுவிசை 20 டன்னை ஒட்டி வரும். ஒரு கார்டை அழுத்திப் பெடலைப் பிடித்தால் அடிக்காத கம்பிகளும் சேர்ந்து அதிரும். டிரம்ஸும் பேஸும் அதே காற்றில் அந்த அதிர்வைக் கேட்டுத் தங்கள் ஒலியளவை மாற்றிக்கொள்ளும். கீபோர்டின் ஒலி அறையில் இல்லவே இல்லை, ஹெட்ஃபோனில் மட்டும்தான் இருக்கிறது.

விருந்தினர் எலெக்ட்ரிக் பியானோவைத் தானே விரும்பித் தேர்ந்தால் அது வேறு விஷயம். அது தனக்கென்று குரல் உள்ள வாத்தியம். அப்போது அதை ஆம்ப்ளிஃபையர் வழியாக அறைக்குள் ஒலிக்கவிட்டு, அதற்கும் மைக் வையுங்கள்.

"டியூனிங் முந்தின நாளே பண்ணிட்டாங்களாம். போதுமா?"

போதாது. பதிவு நாள் காலையில், மைக்குகள் வைப்பதற்கு முன்பு ஒரு முறை. மதிய இடைவேளையில் சரிபார்ப்பு ஒரு முறை. டியூனர் நாள் முழுவதும் அழைத்தால் வரும் தூரத்தில் இருந்தால் இன்னும் நல்லது. அறையின் ஈரப்பதம் மாறினால் ஒலிப்பலகை விரிந்து சுருங்கிச் சுருதி நகரும். விளக்கும் குளிர்சாதனமும் பதிவின்போது எப்படி இருக்குமோ அப்படியே வைத்து, சில மணி நேரம் கழித்து டியூன் செய்வதே முறை.

இன்னொன்றை முன்னதாகவே கேளுங்கள்: அந்தப் பியானோவில் சுருதி சேர்க்க அடிப்படையாகக் கொள்ளும் A ஸ்வரம் 440 ஹெர்ட்ஸா, 442 ஹெர்ட்ஸா? இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் ஒரு செமிடோனில் நூற்றுக்கு எட்டுப் பங்குதான். சாக்ஸபோன்காரர் ஊதுவாயைத் தள்ளிச் சரிசெய்துகொள்வார். உலோகப் பட்டைகளைத் தட்டி வாசிக்கும் வைப்ரஃபோனால் அது முடியாது. அதன் பட்டைகள் ஒரு சுருதியில் செய்யப்பட்டு முடிந்தவை. ஒலிப்பதிவுக் கருவியாலும் சுருதி பிசகலாம். மேலே சொன்ன 'கைண்ட் ஆஃப் ப்ளூ'வின் முதல் நாள் பதிவில், டேப் இயந்திரம் சற்று மெதுவாக ஓடியதால் மூன்று பாட்டுகள் இசைத்தட்டில் கொஞ்சம் உயர்ந்த சுருதியில் ஒலித்தன. 1992-ல்தான் அது திருத்தப்பட்டது. எத்தனையோ பேர் அந்த இசைத்தட்டோடு சேர்ந்து வாசித்து, தங்கள் வாத்தியத்தில்தான் குறை என்று நினைத்திருப்பார்கள்.

"எல்லாரும் ஒரே அறையில உக்காரணுமா? தனித்தனி பூத்ல போட்டா சுத்தமா வருமே?"

சுத்தமாக வரும், ஆனால் நீங்கள் விருந்தினரை அழைத்ததன் பயன் குறையும். முதல் கேள்வியில் சொன்னது இங்கேதான் சோதனைக்கு வருகிறது. பல ஆண்டுகள் சேர்ந்து வாசித்தவர்கள் கண்ணாடிக்கு இருபுறமும் இருந்து வாசித்தாலும் ஒருவரையொருவர் ஊகிப்பார்கள். நேற்று வந்தவருக்கு முகம் தெரிய வேண்டும், மூச்சு கேட்க வேண்டும். என் விருப்பம் பியானோ, பேஸ், ஊதுவாத்தியங்கள் ஒரே அறையில். டிரம்ஸையும் அதே அறையில் வைக்க முடிந்தால் வைப்பேன். முடியாவிட்டால் பார்வை மறையாதபடி கதவைத் திறந்து பக்கத்து அறையில்.

பேஸ் வாசிப்பவர் பியானோவின் வளைவில் நின்றால் இருவருக்கும் ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியும், பேஸுக்கு இடக்கையின் ஒலியும் நேராகக் கேட்கும். தூரத்தையும் கவனியுங்கள். ஒலி 34 சென்டிமீட்டர் கடக்க ஏறக்குறைய ஒரு மில்லிசெகண்ட் ஆகிறது. மூன்றரை மீட்டர் தள்ளி நின்றால் பத்து மில்லிசெகண்ட் தாமதம், வேகமான பாட்டில் அது இழுவையாக உணரப்படும். ஹெட்ஃபோனில் மொத்தக் கலவையையும் உரக்க வைப்பதைவிட, ஒரு காதில் மட்டும் போட்டுக்கொண்டு மறு காதால் அறையைக் கேட்பது பலருக்கு உதவுகிறது.

"அப்படின்னா டிரம்ஸ் சத்தம் பியானோ மைக்குல ஏறிடுமே?"

ஏறும். ஏறிய சத்தம் கேட்க நன்றாக இருக்கிறதா என்பதுதான் கேள்வி. பியானோவின் மூடி திறந்த பக்கம் டிரம்ஸுக்கு முதுகு காட்டட்டும். மூடியைக் குட்டைக் கட்டையில் நிறுத்தினால் மைக்குகள் கம்பிக்கு நெருக்கமாகப் போகலாம். முழுதாக மூடிப் போர்வை போர்த்தினால் டிரம்ஸ் குறையும், பியானோவும் பெட்டிக்குள் பேசுவது போல ஆகிவிடும். ரிப்பன் மைக் இருந்தால் அதன் பக்கவாட்டில் ஒலி ஏறாது. அந்தப் பக்கத்தை டிரம்ஸை நோக்கித் திருப்புங்கள்.

உண்மையில் பெரிய மருந்து டிரம்ஸ்காரரிடம் இருக்கிறது. பியானோவின் இயல்பான ஒலியளவுக்கு அவர் இறங்கி வாசித்தால் பாதிப் பிரச்சினை அங்கேயே தீர்ந்துவிடும்.

"கிளிக் டிராக் வச்சுக்கலாமா?"

வேண்டாம். கிளிக் டிராக் என்பது டெம்போ மாறாமல் இருக்க ஹெட்ஃபோனில் தட்டிக்கொண்டே இருக்கும் ஒலி. பின்னால் வேறு வாத்தியங்களைச் சேர்க்கப் போகிறீர்கள் என்றால் மட்டும், தொடக்கத்தில் டெம்போவைக் காட்டிவிட்டு நிறுத்திவிடுங்கள்.

"அவரு எங்களைவிட ரொம்பப் பெரிய ஆளு. இப்படி வாசிங்க, அப்படி வாசிங்கன்னு சொல்ல வாய் வரலையே?"

இதைத்தான் அதிகம் கேட்கிறார்கள். நானும் இதைத் தாண்டி வந்தவன்தான். பெரிய கலைஞர்களுக்குச் சங்கடம் தருவது, எதுவுமே சொல்லாமல் எல்லாவற்றுக்கும் தலையாட்டும் குழு. ஆல்பம் உங்களுடையது. என்ன வேண்டும் என்று தெளிவாகச் சொல்வதே அவருக்கு நீங்கள் செய்யும் மரியாதை. சொல்லும் வேலையை ஒருவரிடம் ஒப்படையுங்கள். ஐந்து பேர் ஐந்து விதமாகச் சொன்னால் யாரானாலும் கையை மடியில் வைத்துக்கொள்வார்கள்.

1954 டிசம்பர் 24-ல் நடந்த ஒரு பதிவில் மைல்ஸ் டேவிஸ், தன் ட்ரம்பெட் சோலோவின்போது பின்னால் வாசிக்க வேண்டாம் என்று மங்க்கிடம் கேட்டுக்கொண்டார். இருவரும் சண்டை போட்டார்கள் என்று பின்னால் கதைகள் வளர்ந்தன. நான் அந்த இசையைத்தான் பார்க்கிறேன். ட்ரம்பெட்டுக்குக் கீழே பேஸும் டிரம்ஸும் மட்டும் இருக்கும் அந்த வெற்றிடம் அவ்வளவு அழகு. பிறகு மங்க் நுழையும்போது அறையே மாறுகிறது. "இந்த கோரஸில் நீங்கள் வாசிக்க வேண்டாம், அடுத்ததில் வாருங்கள்" என்று சொல்வது அவமதிப்பு ஆகாது. கோரஸ் என்பது பாட்டின் அமைப்பு ஒரு முறை முழுதாகச் சுற்றி வருவது. சொல்லும்போது இசைக் காரணத்தையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

"அவர் தன்னோட பாட்டையும் வாசிக்கணும்னு சொல்றாரு. ஒத்துக்கலாமா?"

ஒன்றாவது வாசியுங்கள். டிரம்ஸ் கலைஞர் ஆர்ட் பிளேக்கியின் ஜாஸ் மெசஞ்சர்ஸ் குழு 1957-ல் மங்க்கை அழைத்துப் பதிவு செய்த ஆல்பத்தில் ஆறு பாட்டுகளில் ஐந்து மங்க்குடையவை. அந்த அளவுக்குப் போக வேண்டியதில்லை. ஆனால் அவர் பாட்டை வாசிக்கும்போது விருந்தினர் நீங்கள் ஆகிறீர்கள். அந்த இடமாற்றம் மற்றப் பாட்டுகளில் உள்ள தயக்கத்தையும் போக்கிவிடும். அதனால் அந்தப் பாட்டை முதல் நாளிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

"ஒரு பாட்டுக்கு எத்தனை டேக் எடுக்கலாம்?"

மூன்று. மூன்றிலும் வரவில்லை என்றால் வேறு பாட்டுக்குப் போய்விட்டு, சாப்பிட்டு, திரும்பி வாருங்கள். முதல் டேக்கில் எல்லோரும் கேட்டுக்கொண்டே வாசிப்பார்கள். இரண்டாவதில் முதல் டேக்கில் பிடித்ததைத் திரும்பச் செய்யப் பார்ப்பார்கள், அது பெரும்பாலும் வராது. மூன்றாவதில் அந்த ஆசை போய்விடும்.

சாக்ஸபோன் கலைஞர் ஜான் கோல்ட்ரேன் 1962 செப்டம்பர் 26-ல் பியானோ கலைஞர் டியூக் எலிங்டனோடு பதிவு செய்தார். சில பாட்டுகளில் எலிங்டனின் பேஸ், டிரம்ஸ் கலைஞர்கள், சிலவற்றில் கோல்ட்ரேனின் கலைஞர்கள். அந்தப் பாட்டுகளை எல்லாம் இன்னொரு முறை உழைத்துச் செய்திருக்க விரும்பியதாகவும், செய்திருந்தால் அந்தத் தன்னியல்பு போயிருக்கும் என்றும் கோல்ட்ரேனே பிறகு சொன்னார். நாலாவது டேக் கேட்கும் குழுவிடம் நான் இதை நினைவூட்டுவதுண்டு.

"ஒரே ஒரு இடத்துல தப்பு. வெட்டி ஒட்டலாம்ல?"

ஒட்டலாம், எல்லோரும் ஒரே அறையில் இருந்தால் மொத்தக் குழுவையும் சேர்த்துத்தான் வெட்ட வேண்டும். பியானோவில் விழுந்த தவறான ஸ்வரம் பேஸ் மைக்கிலும் இருக்கும். எளிதான இடங்கள் ஹெட் என்கிற மெட்டுப் பகுதி முடிந்து சோலோ தொடங்கும் இடமும், ஒரு சோலோவிலிருந்து அடுத்ததற்கு மாறும் இடமும். இரண்டு டேக்குகளின் வேகமும் நெருங்கியிருக்க வேண்டும். நிமிடத்துக்கு நாலு தட்டு வித்தியாசம் இருந்தாலே ஒட்டு தெரியும். பிழை நடந்தது தெரிந்தால், எல்லோரும் அதே மனநிலையில் இருக்கும்போதே, நாலு வரி முன்னாலிருந்து அந்தப் பகுதியை மட்டும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஒரு வாரம் கழித்து அது முடியாது.

சோலோவின் நடுவே உள்ள சிறு பிசிறை விட்டுவிடச் சொல்வேன். அடுத்த வரியில் அவர் அதை எப்படி மீட்டார் என்பதுதான் பல நேரம் அந்த சோலோவின் உயிர்.

"ஸ்டுடியோவுல அவர் போட்ட இன்ட்ரோதான் பாட்டையே தூக்கிடுச்சு. பாட்டுல அவருக்குப் பங்கு உண்டா?"

மெட்டும் கார்டு அமைப்பும் உங்களுடையதாக இருந்து, அவர் அவற்றின் மேல் மனோதர்மமாக வாசித்தால் அது வாசிப்பு. பாட்டின் உடலையே அவர் மாற்றினால், புதிய பகுதி ஒன்றைச் சேர்த்தால், அது இயற்றியது. நடுவில் இருப்பவைதான் சிக்கல். 'கைண்ட் ஆஃப் ப்ளூ'வில் ஒரு பாட்டு டேவிஸ் பெயரில் வந்தது, அதைத் தான் எழுதியதாக எவன்ஸ் கடைசிவரை சொன்னார். இன்றுவரை அதைப் பேசிக்கொண்டிருக்கிறோம்.

அதனால் பதிவு முடிந்த அன்றே, வாத்தியங்களைப் பெட்டியில் வைக்கும் முன், ஒவ்வொரு பாட்டுக்கும் இயற்றியவர் யார், பங்கு எவ்வளவு என்று ஒரு தாளில் எழுதி எல்லோரும் கையெழுத்திடுங்கள். பாட்டின் உரிமையும் ஒலிப்பதிவின் உரிமையும் வேறு வேறு. ஒரே வரியில் இரண்டையும் கலக்க வேண்டாம்.

"பணம் மொத்தமா ஒரே தடவை குடுத்துடலாமா, வருமானத்துல பங்கா?"

இரண்டில் எதுவானாலும் ஒத்திகைக்கு முன் எழுத்தில் இருக்க வேண்டும். ஒத்திகை நாளுக்கும் தனியாகக் கொடுங்கள். ஒரே தடவை கொடுத்தாலும், பல நாடுகளில் ஒலிப்பதிவு ஒலிபரப்பாகும்போது கலைஞர்களுக்கு வரும் தொகை அவருக்கும் உண்டு. பதிவு விவரங்களில் அவர் பெயரையும் வாத்தியத்தையும் சரியாகச் சேர்த்தால்தான் அது அவரைச் சென்றடையும்.

"அவருக்கு வேற இசை நிறுவனத்தோட ஒப்பந்தம் இருக்காம். பேரை மாத்திப் போட்டா சரியாயிடுமா?"

அந்தக் காலத்தில் செய்தார்கள். 1953-ல் டொராண்டோவின் மாஸி ஹாலில் நடந்த கச்சேரியின் இசைத்தட்டில் சாக்ஸபோன் கலைஞர் சார்லி பார்க்கர் 'சார்லி சான்' என்ற பெயரில் வந்தார். அவரை ஒரு வரி கேட்டவருக்கும் யார் என்று தெரிந்திருக்கும். இன்று அப்படிச் செய்யாதீர்கள். நிறுவனத்திடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். ஆல்பம் அட்டையில் அவர் பெயர் எவ்வளவு பெரிதாக வரலாம், அவர் வாசிக்கும் பாட்டைத் தனியாக வெளியிடலாமா என்பதையும் அந்தக் கடிதத்திலேயே கேட்டுவிடுங்கள்.

"மிக்ஸிங்ல பியானோவை எவ்வளவு தூக்கணும்? விருந்தாளியாச்சே!"

சோலோவில் முன்னால், மற்ற நேரத்தில் அறையில் எங்கே உட்கார்ந்திருந்தாரோ அங்கே. பியானோவை இடக்கோடியிலிருந்து வலக்கோடி வரை விரித்தால், கேட்பவர் பியானோவுக்குள் தலையை விட்டது போலாகி, மற்றவர்களுக்கு இடமே இருக்காது. முதல் மிக்ஸை அவருக்கு அனுப்பிக் கருத்துக் கேளுங்கள். என் அனுபவத்தில் பியானோ கலைஞர்கள் பெரும்பாலும் தங்களைக் குறைக்கத்தான் சொல்கிறார்கள்.

"அவர் எல்லாப் பாட்டுலயும் இருக்கணுமா? வரிசை எப்படி வைக்கிறது?"

எல்லாவற்றிலும் வேண்டாம் என்பது என் தீர்மானமான கருத்து. எட்டுப் பாட்டில் ஐந்து போதும். அவர் இல்லாத பாட்டு ஒன்று நடுவில் வந்தால்தான், அடுத்ததில் அவர் நுழையும்போது அந்த மாற்றம் காதில் விழும். இசைத்தட்டாகவும் வெளியிடுவதானால் ஒரு பக்கத்துக்கு 20 நிமிடத்தை ஒட்டி நில்லுங்கள், அதிகமானால் ஒலியளவைக் குறைத்து வெட்ட நேரும். அமைதியான பியானோ பாட்டைப் பக்கத்தின் கடைசியில் வைப்பது நல்ல வழக்கம். இசைத்தட்டின் உள்வட்டத்தில் உயர் ஒலிகளின் தெளிவு குறைகிறது, உரத்த ட்ரம்பெட் அங்கே சிதறும்.

"ஆல்பம் வந்தாச்சு. இனி கச்சேரியில அவர் இல்லாம அந்தப் பாட்டுகளை எப்படி வாசிக்கிறது?"

பியானோ வாசித்ததை அப்படியே வேறு வாத்தியத்தில் கொண்டுவர முயலாதீர்கள். நாங்கள் பதிவுகளை மறுபடி கேட்டு, ஒவ்வொரு பாட்டிலும் அவர் வாசித்ததைக் கேட்டு நாங்கள் எங்கே மாறினோம் என்று குறித்துக்கொண்டோம். ஒரு பாட்டில் அவர் பாலத்தில், அதாவது பாட்டின் நடுவே வரும் மாறுபட்ட பகுதியில், கார்டை ஒரு தட்டு முன்னதாக வைத்ததால் என் பேஸ் நடையே மாறியிருந்தது. அந்த நடையை வைத்துக்கொண்டோம். இன்னொன்றில் அவருடைய கார்டுகளின் நடுவில் ஒலித்த இரண்டு உள்குரல் ஸ்வரங்களை டெனாரும் ட்ரம்பெட்டும் மெதுவாகப் பிடிக்கும்படி எழுதினோம்.

தனிப் பியானோவில் தொடங்கும் பாட்டு ஒன்று எங்களிடம் இருக்கிறது. பல விதமாக முயன்று பார்த்தோம், எதுவும் பொருந்தவில்லை. அதை மேடையில் நாங்கள் வாசிப்பதில்லை. அவர் வரும் நாட்களில் அதில்தான் தொடங்குகிறோம்.